கரியடுப்பை ஒப்படைத்த இரவு

மகள் டெல்ஃபினின் கல்யாணத்துக்கு முந்தின இரவு வெர்லீன் முதன்முதலாகத் தனியாகக் கரியடுப்பைப் பற்றவைத்தாள். கிழக்கு வட கரோலினாவின் அந்த ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் அவள் கணவன் ஹார்லன்தான் பன்றிக்கறியை விடியவிடியப் புகையில் வேகவைப்பான். போன குளிர்காலத்தில் அவனுடைய நுரையீரல் கெட்டது. இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாய். புகையும் ஆகாது, நெருப்பும் ஆகாது. சமையலறையின் கண்ணாடிச் சன்னலை இறுக மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து, கொல்லையில் நின்ற மனைவிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மூடியத் திறக்காத, வெர்லி."

"திறக்கல. சும்மா பக்கத்துல நின்னேன்."

"உன் கை மூடி மேல இருக்கு. எனக்கு நுரையீரல்தான் போச்சு, கண்ணு போகல."

அடுப்புக்குள்ளே பன்றியின் தோள்கறி எட்டுத் துண்டுகள் கிடந்தன. கறியில் செருகிய வெப்பமானியின் முள் வெகுநேரமாக ஒரே இடத்தில் நின்றது.

"சூடு ஏறவே மாட்டேங்குது, ஹார்லன்."

"ஏறாது. கறி வேர்க்குது, வேர்த்து முடியட்டும். பதறிப்போய் கரிய அள்ளிப் போட்டேன்னா வெளிய கருகிடும், உள்ள செருப்புத் தோலாட்டம் இருக்கும்."

"நாளைக்கு ஊரே வருது."

"அவங்க பொண்ணப் பாக்க வர்றாங்க, கறிக்கா வர்றாங்க?" கொஞ்சம் நிறுத்தினான். "பொய் சொல்றேன். கறிக்குத்தான் வர்றாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. பிறகு போனில் எதுவும் கேட்கவில்லை. வெர்லீன் நிமிர்ந்து பார்த்தபோது சன்னலில் அவன் இல்லை.

உள்ளே ஓடினாள். அவன் தரையில் அலமாரியில் சாய்ந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

"நெருப்பு..." என்றான்.

"கெடக்கட்டும்."

கூடாது என்று அவன் தலையை ஆட்டினான். மகள் தோழி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப வெர்லீனுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் கரியடுப்பு தெரிந்தவள் என்றால், அடுத்த தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த மாப்பிள்ளையின் அம்மா யூலா ஒருத்திதான். மேற்கு மலைப்பக்கத்துக்காரி. அங்கே கறிக்கு ஊற்றும் சாற்றில் தக்காளி சேர்ப்பார்கள். நேற்று விருந்தில் வெர்லீனின் வினிகர்ச் சாற்றை ருசி பார்த்துவிட்டு, "இது கறிக்கு ஊத்தவா, வெள்ளரிக்கா ஊறப்போடவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவள். அவளை அடுப்புப் பக்கமே விடக்கூடாதென்று வெர்லீன் நினைத்திருந்தாள். இப்போது அவளையே கூப்பிட்டாள்.

இரவு உடுப்போடு, தலையில் முடி சுருட்டும் குழல்களோடு, மகனுடைய பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸுக்கு முன்பே யூலா வந்து நின்றாள்.

"கரி எவ்வளவு மிச்சம்?"

"ரெண்டு மூட்டை. அடுப்புச் சூடு இருநூத்தி இருபத்தஞ்சு டிகிரியத் தாண்டக் கூடாது, மிஸ் யூலா. மூடிய மட்டும்..."

"திறக்க மாட்டேன். நீ வண்டியில ஏறு, கண்ணு."

மருத்துவமனையில் ஹார்லனின் முகத்தில் முகமூடியை இறுக்கிக் காற்றைச் செலுத்தினார்கள். நர்ஸ் வெர்லீனை முகர்ந்துவிட்டு, "எங்கயாவது தீப்பிடிச்சுதா?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. இந்தச் சட்டையோடுதான் மாலையிலிருந்து உப்புக்கும் தண்ணீருக்கும் சமையலறைக்குள் போய்வந்தாள்.

"டாக்டர், என் துணியில இருந்த புகையாலயா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்," என்றார் அந்த டாக்டரம்மா. "இப்ப அதக் கேட்டு என்ன ஆகப்போகுது?"

கழிப்பறையில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வாடை போகவில்லை. அவர்கள் கொடுத்த மேலங்கியை மாட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றாள், கட்டிலுக்குக் கிட்டே போகப் பயந்து. யூலாவிடமிருந்து தகவல் ஏதும் இல்லை. கூப்பிட்டுக் கேட்கவும் தைரியம் வரவில்லை. ஒரு இரவில் இரண்டு கெட்ட செய்தியை அவளால் தாங்க முடியாது.

வெளுக்கும் நேரத்தில் ஹார்லன் கண் திறந்தான். ஆபத்து நீங்கிவிட்டது, ஆனால் இன்று அனுப்ப முடியாது என்றார் டாக்டர்.

"அப்பன் இல்லாம சர்ச்சுல பொண்ண யாரு கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டாள் வெர்லீன். அவன் விரலை மெல்லத் தூக்கி அவளைக் காட்டினான்.

அவள் வீடு திரும்பியபோது கொல்லையில் யூலா கரி அப்பிய முகத்தோடு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். முதலில் கேட்டது, "அவரு எப்படி இருக்காரு?" பதில் கேட்ட பிறகுதான் எழுந்து மூடியைத் தூக்கினாள். ஒரு துண்டின் எலும்பைப் பிடித்து இழுத்தாள். சதை ஒட்டாமல் சுத்தமாக உருவிக்கொண்டு வந்தது.

"நடுவுல நெருப்பு தணிஞ்சிடுச்சு. நான் அழுதுட்டேன். ஜெபம் பண்ணிட்டு அடியில இருந்த சாம்பலத் தட்டிவிட்டேன், பிடிச்சுக்கிச்சு."

வெர்லீன் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். யூலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இருவருமாகப் போய் டெல்ஃபினிடம் சொன்னார்கள். அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்றாள். அப்பாவிடமே போனில் கேட்டாள். ஹார்லன் முகமூடிக்குள்ளிருந்து திட்டியது மூன்று பேருக்கும் கேட்டது.

வெர்லீன்தான் மகளைக் கைபிடித்து நடத்திப் போனாள். மற்றக் கையில் போன், மறுமுனையில் ஹார்லன். பந்தியில் எல்லாரும் கறியைப் புகழ்ந்தார்கள். வெர்லீன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பந்தி வேலை அத்தனையும் யூலாவிடம் விட்டுவிட்டு மணமக்களோடு மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

அவர்கள் போனபோது ஹார்லன் தூங்கிக்கொண்டிருந்தான். டெல்ஃபின் வெள்ளைக் கல்யாண கவுனை ஒதுக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வைக்கு அடியில் அவன் மார்பு ஏறி இறங்குவதையே வெர்லீன் கதவருகிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ உட்காரச் சொன்னார்கள். கையில் புகை வாடை இன்னும் போகவில்லை. அவள் உட்காரவில்லை.