வாசலில் வைத்த அட்டைப்பெட்டி

எட்டு மாதத்தில் இருபத்து மூன்று டிரைவர்கள். வந்தார்கள், ஒரே ஒரு நெடுந்தூர டிரிப் போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுநாள் ஆளைக் காணோம். சண்டை உண்டா, சச்சரவு உண்டா? ஒன்றும் கிடையாது. போன் போட்டால் மட்டும் சொல்லி வைத்தாற்போல எல்லாரும் ஒரே பாட்டு: "பரவால்லக்கா, நீங்க சங்கடப்பட வேண்டாம். நானே புரிஞ்சுக்கிட்டேன்." என்னத்தைப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் அக்காவுக்குப் புரியவே இல்லை.

ஷெட்டில் எல்லாருக்கும் அவள் அக்காதான். மாமா தன் எட்டு லாரிகளையும் அவள் தலையில் கட்டிவிட்டு மகள் வீட்டில் போய் ஹாயாக உட்கார்ந்துகொண்டார். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவள் ஒரு லாட்ஜில் மேலாளர். நாற்பது அறை. ஒருவர் காலி செய்த அரை மணியில் அறை புத்தம் புதிதாக இருக்க வேண்டும். ஒரு தலைமுடி கிடந்தாலும் வேலையாளுக்கு அர்ச்சனைதான். அந்தப் பழக்கம் சும்மா விடுமா? லாரி ஷெட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

டிரைவர் டிரிப் முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் குளிக்கப் போவார். அவ்வளவுதான், அக்காவும் அவள் தம்பியும் புடவையையும் வேட்டியையும் இழுத்துச் செருகிக்கொண்டு கேபினுக்குள் ஏறிவிடுவார்கள். தேய்த்து, கழுவி, டிரைவர் தன் முதுகுக்கேற்பச் சாய்த்து வைத்த சீட்டை நிமிர்த்தி, கண்ணாடியைத் திருப்பி, கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த மாதிரி ஆக்கிவிடுவார்கள். டிரைவரின் தலையணை, போர்வை, பிளாஸ்க், செருப்பு எல்லாம் மடிப்புக் கலையாமல் புது வெள்ளை அட்டைப்பெட்டிக்குள் போகும். மேலே கொட்டை எழுத்தில் அவர் பெயர். வாசல் மேசையில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும்.

பெட்டியைப் பார்த்ததும் சில டிரைவர்களுக்குக் கண் கலங்கிவிடும். அக்கா தம்பியை இடிப்பாள். "பாத்தியாடா, இதுவரைக்கும் யாருமே இவங்களை இப்படிக் கவனிச்சதில்ல போல."

அடப் பாவமே!

உள்ளூர் டிரிப் ஓட்டும் மூன்று பேர் மட்டும் அசையாமல் இருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள். வண்டியில் ஒரு துண்டைத் தவிர ஒன்றும் வைப்பதில்லை. நான்காவது ஆள் நத்தையண்ணன். ஐம்பது வயது, மாமா காலத்து மனிதர், சைக்கிள்காரன் தாண்டிப் போனாலும் வேகம் கூட்ட மாட்டார். ஏழு வருடமாகக் கண்ணாடிச் சரக்கு ஏற்றுகிறார், ஒரு தம்ளர்கூட விரிசல் கண்டதில்லை. வண்டிச் சாவியை அவர் யாரிடமும் கொடுப்பதும் இல்லை.

மீதி நான்கு லாரிக்கு ஆள் இல்லாத நேரத்தில்தான் கண்ணாடித் தொழிற்சாலை மேலாளர் கூப்பிட்டார். "திங்கட்கிழமை காலைல ஏழு மணி. எட்டு வண்டி, எட்டு டிரைவர். ஒண்ணு குறைஞ்சாலும் எதிர் ஷெட்டுக்கு ஒப்பந்தத்தை மாத்திடுவேன்மா. என் மேல வருத்தப்படாதீங்க."

அந்தத் தொழிற்சாலையை நம்பித்தான் ஷெட்டே ஓடுகிறது. அது போனால் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு, பழையபடி லாட்ஜ் கவுண்டரில் நின்று சாவி நீட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை வேலை கேட்டு ஒருவர் வந்தார். பார்த்ததும் நம்பத் தோன்றும் முகம், இருபது வருட அனுபவம். எல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கேபினை யாருக்கா சுத்தம் பண்ணுவாங்க?"

"நாங்களேதான்! ஒவ்வொரு டிரிப்புக்கும் அப்புறம்," என்றாள் அக்கா பெருமையாக.

"அப்ப கேள்விப்பட்டது நிஜம்தான்," என்று முணுமுணுத்துவிட்டு, டீ குடித்து வருவதாகச் சொல்லிப் போனார். போனவர் போனவர்தான். அந்த டீ இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

அன்றைக்குத்தான் நத்தையண்ணன் மகளுக்கு வீடு மாற்ற விடுப்பில் இருந்தார். வண்டி சர்வீஸுக்குப் போக வேண்டும் என்று முதல்முறையாகச் சாவியை விட்டுப் போயிருந்தார். அக்கா விடுவாளா? "ஏழு வருஷமா ஒரே அழுக்குல உக்காந்திருக்காருடா. இன்னிக்கு ஜமாய்ச்சிடுவோம்." உள்ளே அவர் முதுகின் வடிவத்திலேயே பள்ளம் விழுந்த ஒரு மெத்தை, வார் அறுந்த செருப்பு, நாலு தைல சீசா. ஒரு பெட்டி போதாமல் இரண்டு ஆயிற்று. மூத்தவர் என்பதால் பூப்போட்ட காகிதம் வேறு சுற்றினாள்.

சனிக்கிழமை காலை அவள் வரும்போது நத்தையண்ணன் வாசலில், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எப்படி இருக்கு?"

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். கேக்கக் கூடாதுதான். ஆனா வேலையை விட்டுத் துரத்தறதுக்கு யாராவது பூப்போட்ட காகிதம் சுத்துவாங்களா? அது ஒண்ணுதான் எனக்கு இடிக்குது."

"யாரு யாரைத் துரத்தினாங்க?"

"என்னைத்தான்!"

"ஐயையோ! நான் எதுக்கண்ணே உங்களைத் துரத்தப்போறேன்?"

அவர் பெட்டியைக் காட்டினார். "லாரித் தொழில்ல எந்த முதலாளியும் 'நீ வேண்டாம்'னு வாயால சொல்ல மாட்டாங்கம்மா. தலையணையை எடுத்து வாசல்ல வச்சிருவாங்க. அவ்வளவுதான், கணக்கு முடிஞ்சுது. டிரைவரும் ஏன்னு கேக்க மாட்டான். கேட்டா கௌரவக் குறைச்சல்."

அக்காவுக்கு இருபத்து மூன்று வெள்ளைப் பெட்டிகளும் வரிசையாகக் கண்முன் வந்தன.

"அப்ப அவங்க எல்லாரும்..."

"ஆமா! வெளியில நம்ம ஷெட்டுக்கு 'ஒரு டிரிப் ஷெட்'னு பேரு. அக்கா சிரிச்சுக்கிட்டே கழுத்தை அறுப்பாங்கன்னு பசங்க பேசிக்குவானுங்க." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், பெட்டி நசுங்க நசுங்கச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். மனுஷங்களை வாசலில் நிற்க வைத்துவிட்டு, நன்றிக் கண்ணீர் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

போனில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார் நத்தையண்ணன். ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியிலேயே வீடு வீடாகப் புறப்பட்டார்கள். அவர் ஓட்டிய வேகத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

முதல் வீட்டில் ஒரு குழந்தை அந்த வெள்ளைப் பெட்டிக்குள் உட்கார்ந்து, தட்டு ஒன்றைச் சுழற்றி லாரி ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் அப்பன் கதவருகிலேயே நின்றான்.

"மரியாதைக்காக வந்திருக்கீங்க, சந்தோஷம்க்கா. ஆனா என்ன தப்பு பண்ணினேன்னு மூணு மாசமா யோசிக்கிறேன். வண்டியில ஒரு கீறல்கூட விழலையே?"

"தப்பு உங்க மேல இல்ல தம்பி. எனக்குத்தான் தொழில் தெரியல, மன்னிச்சுக்கோங்க." நடந்ததைச் சொல்லி, வண்டியின் இரண்டு சாவிகளையும் அவன் கையில் வைத்தாள். "இனி உங்க கேபினை நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

"தூசி இருக்குமேக்கா?"

"இருந்துட்டுப் போகட்டும்." இதைச் சொல்ல அவள் பட்ட பாடு லாட்ஜ் நடத்தியவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "அக்கா, அந்தத் தலையணை உறையை மட்டுமாவது தோய்க்கச் சொல்லிட்டுப் போங்க!"

ஏழு வீடு ஏறி இறங்கினார்கள். மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். மூன்று பேருக்கு வேறு நல்ல வேலை அமைந்திருந்தது. ஏழாமவன் எதிர் ஷெட்டிலேயே சேர்ந்திருந்தான். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "பாக்கலாம்க்கா," என்று மட்டும் சொன்னான். அந்தப் 'பாக்கலாம்' அக்காவை அன்று தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஷெட்டுக்கு வந்தாள். வாசல் மேசையில் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி. கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

உள்ளே அவள் பிளாஸ்க், கண்ணாடிக் கூடு, நாற்காலியில் போட்டுக்கொள்ளும் குஷன், எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. மாமா ஷெட்டை விற்றுவிட்டாரா? தொழிற்சாலை கைகழுவிவிட்டதா? முழுக்கதையும் தெரிந்தவள்தான், ஆனாலும் பெட்டியின் மூடியை மெதுவாகத் திரும்ப மூடினாள். உள்ளே போய் என்ன ஏது என்று கேட்கலாம். வாய் வரவில்லை. கேட்டால் எதைச் சொல்லிவிடுவார்களோ என்று அங்கேயே நின்றாள்.

அப்போது அலுவலகத்துக்குள்ளிருந்து குபீரென்று சிரிப்புச் சத்தம். தம்பி, நத்தையண்ணன், உள்ளூர் டிரிப்காரர்கள் மூவர், நேற்று வருவதாகச் சொன்ன மூவர். கடைசியாகத் துடைப்பத்தோடு வந்தவன் எதிர் ஷெட்டுக்காரன்.

"ஒண்ணுமில்லக்கா," என்றான் அவன், "உங்க ரூமைக் கொஞ்சம் சுத்தம் பண்ணினோம்."

"அடப் பாவிங்களா! உயிரே போயிடுச்சுடா!"

"நீங்களே தூக்கிட்டுப் போய் உள்ள வைங்கம்மா," என்றார் நத்தையண்ணன். "அப்பதான் வேலை நிலைக்கும்."

எட்டு வண்டியும் கிளம்பின. நத்தையண்ணன் கடைசி. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. எட்டும் வந்து சேர்ந்தாயிற்று, ஒப்பந்தம் இங்கேயே இருக்கும். தம்பி ஒரு குதி குதித்தான். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் குஷனைப் போட்டாள், பிளாஸ்க்கை வைத்தாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

"எங்கக்கா கிளம்பிட்ட?"

"இன்னும் பதினாறு வீடு பாக்கி இருக்குடா."

"எட்டு வண்டிக்கும்தான் ஆள் வந்தாச்சே. இனிமே எதுக்கு?"

"வேலை குடுக்க முடியாட்டி என்னடா?" என்றாள் அக்கா. "என்ன தப்பு பண்ணினோம்னு அவங்க இன்னும் யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க."