ஒரு கன மீற்றர் மரம்

கணவனை இழந்து வீட்டோடு இத்தா இருந்த இருபத்தோராம் நாள் ஹப்ஸா மடிக்கணினியைத் திறந்தாள். நளீர் மௌத்தாவதற்கு முன்பே அவள் ஏற்றுக்கொண்ட வேலையொன்று அதில் பாதியில் கிடந்தது. பத்து வருடங்களில் இலங்கையும் வியட்நாமும் எவ்வளவு வன்மரப் பலகை இறக்குமதி செய்தன என்று ஒப்பிட்டு, வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கவேண்டும். சாய்ந்தமருதில் வீட்டிலிருந்தபடியே இப்படியான வேலைகளை நாலு வருடமாகச் செய்துவருகிறாள். நளீர் கல்முனையில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை வைத்திருந்தான். அங்கேதான், லொறியிலிருந்து மரம் இறக்கும்போது குற்றியொன்று உருண்டு அவன்மேல் விழுந்தது.

இப்போது இதெல்லாம் என்னத்துக்கு என்று கூட இருந்த அவள் உம்மா கேட்டார். ஹப்ஸா கோப்பைத் திறந்தாள். அவள் இன்னும் அழவில்லை. பார்க்க வந்த பெண்கள் அதைக் கவனித்துத் தங்களுக்குள் கதைத்துக்கொண்டும் போனார்கள். அது காதில் விழுந்தபோதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எண்களைப் போட்டு முடித்ததும் திரையில் இரண்டு கோடுகள் வந்தன. இலங்கையின் கோடு வியட்நாமுக்கு மேலே, எட்டாத உயரத்தில் நின்றது. வியட்நாம் பல மடங்கு கூட வாங்கும் நாடு, அப்படி இருக்க வழியில்லை. திரும்பப் பார்த்தாள். வியட்நாமின் கணக்கு கன மீற்றரில் இருந்தது, இலங்கையினுடையது கிலோவில். ஒரு கன மீற்றர் பலகை எத்தனை கிலோ என்று தெரிந்தால் போதும். இணையத்தில் பத்து விதமாகப் போட்டிருந்தார்கள். நளீரைக் கேட்பதற்காக வாயைத் திறந்துவிட்டுத்தான் மூடினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து நளீரின் தம்பி றஸாக் மீனும் மரக்கறியும் கொண்டுவந்தான். மூன்று கிழமையாக அப்படித்தான் வருகிறான், சாமானை வைத்துவிட்டு நில்லாமல் போய்விடுவான். மரக்காலையில் அண்ணனோடு வேலை செய்தவன் அவன், அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். இத்தாவில் பிற ஆண்கள் முன் வரக்கூடாதென்பதால் ஹப்ஸா அறைத் திரைக்குப் பின்னால் இருந்தபடியே அவனை நிற்கச் சொல்லி, விஷயத்தைக் கேட்டாள்.

"காஞ்ச பலகையெண்டா எழுநூறு கிலோ வரும் மதினி" என்றான். "பச்சை மரமெண்டா ஆயிரத்துக்குக் கிட்ட."

ஹப்ஸா மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். போய்விட்டான் என்று நினைத்தாள்.

"அண்டைக்கு விழுந்தது பச்சை மரம்" என்றான் றஸாக். "ஒண்டரைக் கன மீற்றர்."

அவள் விரல்கள் வெறுங்கட்டமொன்றில் பெருக்கிப் போட்டன. ஆயிரத்து ஐநூறு கிலோ.

"மரத்தக் கட்டியிருந்த சங்கிலியக் கழட்டின நான்தான் மதினி. காக்கா மத்தப் பக்கம் நிண்டத்த நான் பாக்கல்ல."

"மாமிக்கு, உங்கட உம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல. ஒருத்தருக்கும் சொல்லல்ல."

திரைக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஏதாவது சொல்லவேண்டும் என்று ஹப்ஸாவுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். கோபமோ இரக்கமோ அகப்படவில்லை.

"அப்ப எழுநூறு எண்டு போடட்டா?" என்று கேட்டாள்.

"ஓம், போடுங்க."

அவன் போனபின் ஆயிரத்து ஐநூறை அழித்தாள். எழுநூறால் பிரித்ததும் இலங்கையின் கோடு கீழே இறங்கித் தரையோடு படுத்தது. வியட்நாமின் கோடு மேலே ஏறிப்போனது. அஸர் தொழுகைக்கு முன் வேலையை அனுப்பிவிட்டாள். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் இலங்கையின் இறக்குமதி ஏன் விழுந்தது என்று அந்த நிறுவனத்தார் கேட்டிருந்தார்கள். டொலர் தட்டுப்பாடு என்று ஒரு வரி எழுதினாள்.

அடுத்த வெள்ளி றஸாக் வரவில்லை. மாமி தொலைபேசியில், அவன் சோறு தின்கிறானில்லை, படுத்தே கிடக்கிறான், என்ன நோயோ தெரியவில்லை என்று கவலைப்பட்டார். ஹப்ஸா அவனிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னாள்.

"வாற கிழம வாங்க தம்பி" என்றாள். "இஞ்ச சாப்பிட்டுப் போங்க."

அவன் வந்தான். உம்மா முன்னறையில் சோறு வைத்தார். ஹப்ஸா திரைக்குப் பின்னால் இருந்து, அவன் மெதுவாகச் சாப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு மீன் இன்னொரு துண்டு வைக்கும்படி உம்மாவிடம் சொன்னாள்.