கூப்பிடாத பெயர்

"சாச்சி?" என்று வின்சன்ற் கூப்பிட்டார். கமலாம்பிகை கையை உயர்த்தி, "பிரசன்ற், சேர்" என்றாள். அந்த வகுப்பில் 'சேர்' போடுகிற ஒரே ஆள் அவள்தான். மற்றப் பிள்ளைகள் ஆசிரியரை வெறும் வின்சன்ற் என்றே அழைத்தார்கள். பாதிப் பேர் போனிலிருந்து தலையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் காட்டினார்கள். வின்சன்ற் கயானாவில் பிறந்தவர், பொறுமைசாலி. பட்டியலில் இருந்த முழுப் பெயரோடு முதல் நாள் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாம் எழுத்தில் தடக்கி, நடுவில் மூச்சு வாங்கி, கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "சாச்சி என்று கூப்பிட்டால் கோபிப்பீர்களா?" என்று கேட்டார். கமலாம்பிகை திரும்பி வகுப்பறைக் கதவைப் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள். ஏனென்றால் சச்சிதானந்தன் என்பது அவளுடைய கணவரின் பெயர். அவர் செத்து அப்போது ஒரு வருடம் கழிந்திருந்தது.

பிழை அவளுடையதுதான். கனடா வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வரும் படிவம் எல்லாவற்றையும் அவர்தான் நிரப்பினார். அவர் பேனையால் அடையாளம் போட்ட இடத்தில் அவள் கையெழுத்து வைப்பாள், அவ்வளவுதான். அவர் போன பிறகு அவள் தன் கையால் நிரப்பிய முதல் விண்ணப்பம் இந்தக் கல்லூரியின் விண்ணப்பம். முதற் பெயர், கடைசிப் பெயர் என்று கணினித் திரையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஊரில், சாவகச்சேரியில், பள்ளிக்கூடப் பெயர் இடாப்பில் தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. கலியாணத்துக்குப் பிறகு தகப்பன் இருந்த இடத்துக்குப் புருசன் வந்தார். அந்தப் பழக்கத்தில் அவரை முதற் பெட்டியிலும் தன்னைக் கடைசிப் பெட்டியிலும் போட்டு அனுப்பிவிட்டாள். கல்லூரி அதை அப்படியே வாங்கிக்கொண்டது. மின்னஞ்சல்கள் "அன்புள்ள சச்சிதானந்தன்" என்று வந்தன. கல்லூரி இரவலாகக் கொடுத்த மடிக்கணினியை உதவி மேசைப் பையன் அவளுக்காகத் திறந்து, பயனர் பெயரையும் தானே அடித்துப் பதிந்து கொடுத்தான். அன்றிலிருந்து அவள் கடவுச்சொல்லை மட்டும் அடித்தால் போதும், மற்றதை அந்தப் பெட்டி நினைவில் வைத்துக்கொண்டது.

அவள் ஏன் கணினித் தகவல் முறைமை படிக்க வந்தாள் என்பதும் ஒரு கதைதான். வேலை செய்த பிஸ்கற் தொழிற்சாலை மூடப்பட்டபோது வேலைவாய்ப்பு நிலையத்தில் ஒரு பெண் மூன்று படிப்புகளை முன்னால் வைத்தாள். முதியவர்களைப் பராமரிப்பது, குழந்தைகளைப் பராமரிப்பது, கணினி. முதல் இரண்டுக்கும் நாள் முழுக்க ஆட்களோடு கதைக்க வேண்டும். செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்கும், பிறகு போன் எடுத்தவர்களுக்கும் கதைத்துக் கதைத்து அவள் அப்போது களைத்துப் போயிருந்தாள். ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லாத படிப்பு எது என்று பார்த்து மூன்றாவதைக் காட்டினாள். கேட்டது கிடைத்தது. ஸ்காபரோவில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஆயிரம் பிள்ளைகள் காதில் வெள்ளைக் குமிழைச் செருகிக்கொண்டு அவளைச் சுற்றி நடந்தார்கள். ஒருவர்கூட இடிக்கவில்லை, ஒருவர்கூடப் பார்க்கவில்லை. மதியத்தில் சோடா இயந்திரத்துக்குப் பக்கத்து நீட்டு வாங்கில் உட்கார்ந்து புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் மூடியைப் பாதி திறந்தபடி சாப்பிடுவாள். வாசம் போய் யாரையாவது தொந்தரவு செய்துவிடுமோ என்ற பயம். ஐம்பத்திமூன்று வயதில் பள்ளிக்கூடம் போவதென்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அவரோடு வாழ்ந்த காலம் முழுவதும் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. "இஞ்சேருங்கோ" என்பாள். ஆட்களிடம் சொல்லும்போது "இவர்" அல்லது மகன் பெயரைச் சேர்த்து "நிதுசன்ரை அப்பா". யாரும் அவளைத் தடுத்து வைக்கவில்லை. "என்ரை பேரைச் சொன்னால் உமக்கு வாய் வெந்து போமோ?" என்று அவரே பகிடி பண்ணியிருக்கிறார். சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். மிசிசாகாவில் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, வரவேற்பு மேசையில் இருந்த பெண், நோயாளியின் பெயரைக் கேட்டாள். கமலாம்பிகைக்கு அப்போதும் வாய் வரவில்லை. கைப்பையைக் கிளறி அவருடைய சுகாதார அட்டையை எடுத்து நீட்டினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெயரை ஒவ்வோர் இடமாகப் போய் வெட்டுவதே அவளுக்கு வேலையாகிப் போனது. வங்கியில் வெட்டினாள். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் வெட்டினாள். கார் காப்புறுதி, மின்சாரம், போன், கோயில் உபயகாரர் பட்டியல் எல்லாவற்றிலும் வெட்டினாள். போகிற இடமெல்லாம் மரணச் சான்றிதழை நீட்டினாள், அவர்கள் தட்டச்சுப் பலகையில் தட்டினார்கள், அவர் இல்லாமல் போனார். "சச்சி அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டு ஞாயிறுகளில் போன் எடுக்கும் சிநேகிதர்களும் எடுப்பதை விட்டார்கள். எடுத்து என்ன கேட்பது?

அதனால்தான் வகுப்பில் முதல் சில நாட்கள் நெஞ்சைப் பிசைந்த அந்தச் "சாச்சி", போகப் போக வேறு மாதிரி ஆயிற்று. வின்சன்ற் இடாப்புக் கூப்பிடும்போது, தன் முறை வர நாலைந்து பேர் இருக்கையிலேயே அவள் நிமிர்ந்து உட்காருவாள். குழு வேலையில் அப்டி என்ற சோமாலிப் பெடியன் "சாச்சி, உங்கட பகுதியை அனுப்புங்கோ" என்று ஆங்கிலத்தில் எழுதினால், அதை இரண்டு முறை வாசிப்பாள். வீட்டில் யாரும் எந்தப் பெயரையும் கூப்பிடுவதில்லை. கல்கரியில் இருக்கும் மகன் அம்மா என்பான், பக்கத்து வீட்டுக்காரி அன்ரி என்பாள். உலகத்தில் ஓரிடத்தில், செவ்வாயும் வியாழனும் ஒன்பது மணிக்கு, அவருடைய பெயரை ஒருவர் உரத்துக் கூப்பிட்டார். ஒருவர் பதிலும் சொன்னார். அவள் அதற்காகத்தான் பனியிலும் பஸ் பிடித்தாள் என்று சொன்னால் பொய்யில்லை.

இரண்டாம் வருடத்துத் தை மாதம் பயிற்சி வேலை பார்க்கும் பகுதியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மிசிசாகாவில் ஓர் அலுவலகத்தில் நாலு மாதப் பயிற்சிக்கு அவளை எடுத்திருக்கிறார்கள், சம்பளமும் உண்டு. ஆனால் கல்லூரிப் பதிவில் இருக்கும் பெயரும் அரசாங்க அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துவரவில்லை. வெள்ளிக்கிழமைக்கிடையில் திருத்தாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும்.

குழுவில் இருந்த லக்சிகா அதைப் பக்கத்தில் இருந்து வாசித்துவிட்டாள். இங்கே பிறந்த பிள்ளை. தமிழைக் கொஞ்சம் வளைத்துக் கதைப்பாள், ஆனால் கதைப்பாள்.

"அன்ரி, இன்னும் மாத்தேல்லையா? புரொஃபைலுக்குப் போங்கோ, எடிற், சேவ். ரூ மினிற்ஸ். நான் செய்து தரட்டா?"

"வேண்டாம், வேண்டாம். நான் செய்வன்." கமலாம்பிகையின் கை மவுஸை மூடிக்கொண்டது.

"நீங்கள் ரைப் பண்ணேக்குள்ள வாயும் சேர்ந்து அசையுது, தெரியுமா?" என்று லக்சிகா சிரித்தாள். அது உண்மை. ஆங்கிலச் சொல் எதையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்காமல் கமலாம்பிகைக்கு விரல் ஓடாது. "ஆனா வெயிற். சாச்சி எண்டது உங்கட பேர் இல்லையா?"

"இல்லைப் பிள்ளை. அது இவரின்ரை பேர்."

"அங்கிள்ன்ரையா?"

"ஓம். அவர் மோசம் போய் இப்ப ரெண்டு வருசம்."

லக்சிகா காதிலிருந்த குமிழைக் கழற்றினாள். "ஓ மை கோட். அப்ப நாங்கள் எல்லாரும் உங்களை... சொறி அன்ரி. அது வியர்டா இருக்கேல்லையா?"

"முதல் வியர்டாத்தான் இருந்தது" என்றாள் கமலாம்பிகை. அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறை பாவித்தாள். "இப்ப இல்லை."

"நீங்கள் அங்கிளை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?"

"இஞ்சேருங்கோ எண்டு."

"அதுக்கு என்ன மீனிங்?"

"இஞ்ச பாருங்கோ எண்டு."

"எவ்ரி டைம்? இவ்வளவு வருசமும் இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ எண்டா?" லக்சிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அன்ரியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் மகனுக்குச் சொன்னாள். "கட்டாயம் மாத்துங்கோ அம்மா. அப்பான்ரை பேரிலை சம்பளம் வந்தால் பாங்கிலை போடேலாது" என்றான் நிதுசன். நியாயமான கதை. அவன் எப்போதும் நியாயமாகத்தான் கதைப்பான். அதோடு பெயர் ஒன்றும் அழிந்துபோகப் போவதில்லை, கடைசிப் பெயராகப் பின்னுக்குப் போகும், அவ்வளவுதானே என்றும் சொன்னான். அவனுக்கும் அதுதான் கடைசிப் பெயர். ஆனால் கடைசிப் பெயரை யார் கூப்பிடுகிறார்கள்? அலுவலகத்தில் அவன் எல்லோருக்கும் வெறும் நித். அப்பாவின் பெயரை ஆரும் சொல்லி நீ கடைசியாக எப்போது கேட்டாய் மகனே என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. "அங்க சினோ கொட்டுதோ?" என்று கேட்டாள்.

வேலையை விட முடியாது. காப்புறுதிப் பணம் இந்தக் கோடையோடு முடிந்துவிடும். அதைவிட, அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அட்டவணைகளைக் கட்டுவதும், ஒன்றை ஒன்றோடு இணைப்பதும், பிழையான வரியைத் தேடிப் பிடிப்பதும் அவளுக்குக் கைவந்துவிட்டன. முதல் தவணையிலேயே வின்சன்ற் சொல்லிக் கொடுத்திருந்தார். மனிதர் பெயரை நம்பி ஓர் அட்டவணையைக் கட்டாதீர்கள், பெயர் மாறும், ஆள் கலியாணம் கட்டுவார், விலாசம் மாற்றுவார், என்ன வந்தாலும் மாறாத ஒன்றை ஒவ்வொரு வரிக்கும் கொடுங்கள் என்று. அவள் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அந்த வாங்கிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். புரொஃபைல், எடிற். அந்த இரண்டு பெட்டிகள் திரும்ப வந்தன. முதற் பெட்டியில் இருந்த பெயரைக் கறுப்படித்து வெட்டினாள். பெட்டி வெறுமையாகி அதற்குள் ஒரு சின்னக் கோடு துடித்தது. அந்தக் கணத்தில் அவர் பெயர் முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் கணினிக்குள் எங்கோ நின்றது. கமலாம்பிகை பதற்றத்தில் தன் பெயரின் முதுகிலேயே அதைக் கொண்டுபோய் ஒட்டினாள், பிறகு மெதுவாகப் பிரித்து, தன்னை முதற் பெட்டியிலும் அவரைக் கடைசிப் பெட்டியிலும் ஒழுங்குபடுத்தினாள். சேவ். நன்றி, கமலாம்பிகை என்றது திரை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். சோடா இயந்திரம் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் கேட்கவில்லை. எல்லா இடமும் போய் வெட்டியாயிற்று, இனி வெட்டுவதற்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை இடாப்பைக் கூப்பிட்டுக்கொண்டு வந்த வின்சன்ற் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டார். "கா... கமா... லாம்?" என்றார். வகுப்பு புது ஆளைத் தேடித் திரும்பிப் பார்த்தது. கமலாம்பிகையும் சும்மாதான் இருந்தாள். அவள் காது வேறொன்றுக்காகக் காத்திருந்தது. லக்சிகா முழங்கையால் மெல்ல இடித்தபிறகுதான் கையைத் தூக்கினாள்.

"சாச்சிக்கு என்ன நடந்தது?" என்று பின் வரிசையிலிருந்து அப்டி கேட்டான்.

"அவவின்ரை சரியான பேர் இதுதான்" என்று லக்சிகா ஆங்கிலத்தில் அவனுக்குச் சுருக்கமாகச் சொல்லி முடித்தாள். வின்சன்ற் புதுப் பெயரை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அழகான பெயர், இனிப் பழகிவிடுவேன் என்றார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார். "ஸ்டெபனி?" யாரோ ஒரு விரலைக் காட்டினார்கள். அவ்வளவுதான். இரண்டு பனிக்காலமாகப் பஸ் பிடித்து வந்தது அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

கமலாம்பிகை மடிக்கணினியைத் திறந்தாள். அது அவளை மறந்துவிட்டிருந்தது. பெயர் மாறியதால் வெளியே தள்ளிவிட்டு, முதல் நாள் போலப் பயனர் பெயரைத் தா என்று கேட்டது. தன் பெயரை அடித்தாள். சிவப்பு வரி வந்தது. எழுத்தை எண்ணிப் பார்த்துத் திரும்ப அடித்தாள். திரும்பவும் சிவப்பு. கையை உயர்த்தி வின்சன்றைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து குனிந்து பார்த்துச் சிரித்தார். "பெயர்தான் மாறும், பயனர் பெயர் மாறாது. முதல் நாள் எது கொடுத்தோமோ அதுதான். படிப்பு முடியும் வரைக்கும், ஏன், அதற்குப் பிறகும் எங்களுடைய பதிவில் நீங்கள் அதுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டிக்குள் கோடு துடித்தது. அதை இதுவரை அவள் ஒரு நாளும் அடித்ததில்லை. நீளமான பெயர், ஓர் எழுத்து தவறினாலும் உள்ளே விடாது. வழக்கம் போல முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தால்தான் விரல் ஓடும். உதட்டைப் பிரித்தாள். ச என்றாள், விரல் எஸ்ஸைத் தொட்டது. பிறகு அடுத்தது. ஒவ்வோர் எழுத்தாக, வெந்துபோகும் என்று அவர் பகிடி பண்ணிய அந்த வாயால், முழுதாக, வின்சன்ற் தடக்கிய இடத்தில் தடக்காமல் சொல்லி முடித்தாள். நினைத்ததைவிடக் கொஞ்சம் உரத்துத்தான் வந்துவிட்டது.

லக்சிகா காதுக் குமிழைக் கழற்றித் திரும்பினாள். "என்ன அன்ரி, கூப்பிட்டனீங்களா?"

"உம்மை இல்லைப் பிள்ளை" என்றாள் கமலாம்பிகை.

திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தாள்.