இணைச்சீருக்குத் தேஜஸ்ரீ வரமாட்டாள்

"லீவு குடுக்கலைன்னா, அப்புச்சி தவறிப்போச்சுன்னு சொல்லச் சொல்லு. எந்தக் கம்பெனிக்காரன் மாட்டேங்கறான்னு பாக்கறேன்."

"அப்புச்சி போயி ஒம்பது வருசமாச்சுங் மாமா. உங்க அப்பாவை மறுக்கா சாவடிக்கணுமாக்கும்?"

"அப்ப ஒரு டாக்டர் சீட்டு வாங்கி அனுப்பு."

"அது கம்பெனி இல்லீங். நேவி."

டீ கேனைத் தூக்கிக்கொண்டு எங்கள் நிட்டிங் ஷெட்டுக்குள் நுழையும்போது இதுதான் காதில் விழுந்தது. திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்களுக்கு எட்டு மிசின் ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கும் மேலே கத்திக்கொண்டிருந்தவர்கள் என் அண்ணன் செங்கோட்டையனும் என் மகன் தரணியும்.

விசயம் இதுதான். வர்ற தை ஒன்பதாம் தேதி தரணிக்குக் கல்யாணம். பெண் கொமரலிங்கத்து ஜனனி. எங்கள் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முதல் நாள் இணைச்சீர் செய்ய வேண்டும். கூறைச்சேலையைக் கையில் போட்டு மாப்பிள்ளையையும் கூடப் பிறந்தவளையும் இணைத்து, சடங்கு நடத்தும் பெரியவரான அருமைக்காரர் செய்து வைக்கும் சீர் அது. தரணிக்கு ஒரே தங்கச்சி, தேஜஸ்ரீ. மெக்கானிக்கல் படித்து முடித்துக் கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, இப்போது வடக்கே ஒரு மலையூர்த் தளத்தில் கப்பல் இன்ஜின் பயிற்சியில் இருக்கிறாள்.

தேதி குறித்ததில் தப்பு எங்கள் மேல்தான். பொங்கலுக்குத் திருப்பூரே பூட்டிக்கிடக்கும். ஆள்கள் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அப்போது கல்யாணம் வைத்தால் சொந்தபந்தம் எல்லாருக்கும் தோது. நேவிக்கும் அப்படித்தான் லீவு விடுவார்கள் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். ஒரு வார்த்தை அவளைக் கேட்கவில்லை. பத்திரிகை அடித்த பிறகு சொன்னால், "அம்மா, இங்க பொங்கலும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்த வாரந்தான் பரீட்சை" என்கிறாள். எழுதாமல் வந்தால் ஆறு மாசம் பின்னால் வருகிற பேட்சோடு மறுபடி உட்கார வேண்டும். கல்யாணத்தைத் தள்ளலாம் என்றால் பெண் வீட்டார் மண்டபம் பிடித்துப் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏன் அம்மிணி, கடலே இல்லாத மலை மேல என்ன நேவி? அங்க என்னத்தைக் கப்பல் ஓட்டறா?"

"ஓட்டறது இல்லீங்ணா, கப்பல்ல ரிப்பேர் பாக்கப் படிக்கறா. கப்பல் மாதிரியே ஒரு ரூம் கட்டித் தண்ணியத் தொறந்து உடுவாங்களாம். கழுத்து மட்டும் தண்ணில நின்னு, கட்டைய அடிச்சு ஓட்டைய அடைக்கோணும். போன மாசம் உங்க மருமவ அடைச்சுட்டா."

"அடைக்கட்டும். அண்ணனுக்குச் சீர் செய்யறதை உட்டுட்டு அடைக்கோணுமா?"

"பெரியப்பா பொண்ணை நிறுத்திக்கறோமுங் மாமா" என்றான் தரணி.

"கூடப் பொறந்தவ நல்லாருக்கையில இன்னொருத்தி கையில சேலையப் போடுவீங்களா? அப்படின்னா நான் தாய்மாமன் சீரு கொண்டார மாட்டேன். நீங்களே பாத்துக்குங்க."

மிசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி அப்படியே நின்றுவிட்டார். தாய்மாமன் வராத கல்யாணம் என்றால் ஊர் என்ன பேசும் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. "ஒரு ஆறு மாசந்தான, புள்ளைய வரச் சொல்லீர்லாமா" என்று மெதுவாக என்னிடம் கேட்டார்.

டீ கேனைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்ணா, உங்க கல்யாணத்துக்கு இணைச்சீர் செஞ்சது ஆருங்க?"

"நீதான். அதுக்கென்ன இப்ப?"

"அன்னைக்கு எனக்குக் கடைசி வருசக் கணக்குப் பரீட்சை. அப்பா போக வேண்டாம்னுட்டாரு. அடுத்த வருசம் எழுதிக்கலாம்னாரு. அடுத்த வருசம் என்னையக் கட்டிக்குடுத்துட்டாரு. நான் டிகிரி முடிச்சவன்னுதான இத்தனை வருசமா நெனச்சுட்டு இருக்கறீங்க? முடிக்கலைங்ணா."

"நீ சொல்லவே இல்லையே" என்றார் அண்ணன்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே. எம்புள்ளையும் அப்படி இருக்க வேண்டாம். அவ வர மாட்டா. பொய் சொல்லிக் கூப்படவும் மாட்டோம். நீங்க சீரு கொண்டாந்தாலும் செரி, கொண்டாராட்டியும் செரி."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீ குடிக்கவில்லை.

சாயங்காலம் தேஜஸ்ரீயே கூப்பிட்டாள். தரணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் போல.

"அம்மா, மாமன் கோவிச்சுட்டுப் போயிருச்சாமா. நான் வேணா வந்தர்றேன். ஆறு மாசந்தான."

"வந்தீன்னா ஊட்டைப் பூட்டிட்டு நான் போயிருவேன். கல்யாண ஊட்டுல எனக்கு வேலை இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போனைத் தரணி பிடுங்கிக்கொண்டான். "புள்ள, ஞாயித்துக்கிழமை உங்க தளத்துல வெளியாள் வந்து பாக்கலாமா?" என்று கேட்டான். அவன் சொன்னது பரீட்சைக்கு முதல் நாள், தை நாலு, ஞாயிறு. பார்வையாளர் அறையில் இரண்டு மணி நேரம் உண்டு என்றாள். "அப்ப கூறைச்சேலையத் தூக்கிட்டு நாங்களே வர்றோம்" என்றான்.

மறுநாள் அருமைக்காரர் லிங்கசாமி வீட்டுக்குப் போனோம். வயதான மனுசர், கோபப்படவில்லை. "இணைச்சீர் மாப்பிள்ளை ஊட்டுலதானுங்க செய்யறது. நானா ஒண்ணைப் புதுசா ஆரம்பிச்சேன்னு பேரு வந்துரும். இதுக்கு முன்னால எங்கயாச்சும் வெளியூர்ல, வேற நாள்ல செஞ்சிருக்காங்கன்னு ஒண்ணு காட்டுங்க. நானே ரயிலேறி வர்றேன்" என்றார்.

தை ரெண்டாம் தேதிக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டோம். எனக்கு, என் வீட்டுக்காரருக்கு, தரணிக்கு, லிங்கசாமி ஐயாவுக்கும் சேர்த்து நாலு. அவர் வராவிட்டால் சேலையை நானே அவள் கையில் போடுவேன். ஆனால் அவர் கையால் நடந்தால் என் அண்ணனுக்குப் பேச ஒன்றும் இருக்காது, நாளைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் உதவும்.

அதனால் இந்தக் குழுவில் இருக்கும் சொந்தங்களைக் கேட்கிறேன். பட்டாளத்தில், படிப்பில், வெளிநாட்டில் இருக்கும் அக்கா தங்கச்சிக்காக உங்கள் வீட்டில் இணைச்சீரை வேறு இடத்திலோ வேறு நாளிலோ செய்திருந்தால் எந்த ஊர், எந்த வருசம், செய்து வைத்த அருமைக்காரர் யார் என்று கீழே எழுதுங்கள். போட்டோ இருந்தால் அதையும் போடுங்கள். மார்கழி முடிவதற்குள் வேண்டும்.