மேனேஜர் சொல்லாத பாதி

அஞ்சனா இரண்டாவது தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. போனில் வாசல் கேமராவைப் பார்த்தேன். அவள் புருஷன் அச்சுதன். என் மேனேஜர்.

அரை மணி நேரம் முன்புதான் ஒரு பையோடு வந்து நின்றாள். ஆபீஸ் பிக்னிக்கில் இரண்டு முறை பார்த்த பழக்கம், அவ்வளவுதான். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. ஏன் வந்தாய், எத்தனை நாள் என்று என் மனைவி ஹம்சா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உள்ள வாம்மா, மொதல்ல சாப்பிடு" என்று தட்டைப் போட்டுவிட்டாள். எனக்குத்தான் உதறல். பதினோரு வருடமாக கிரீன் கார்டுக்குத் தவம் கிடக்கிறேன். இந்த ஆள் நினைத்தால் வேலை போகும், அதோடு விசாவும் போகும். அறுபது நாளில் இந்த மில்பிடாஸ் வீட்டை, அமெரிக்காவையே காலி செய்துவிட்டு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அச்சுதன் நிறையப் படித்தவர். போன மாதம் டீம் மீட்டிங்கில் பழைய கிரேக்கக் காவியங்களைப் பற்றி ஒரு மணி நேரம் அறுத்தார். தலைவனைக் கடைசிவரை கைவிடாதவன்தான் வீரனாம், அதற்குப் பெயர்தான் லாயல்டியாம். எல்லோரும் கைதட்டினோம். நான் ஒரு படி மேலே போய், அவரிடம் நல்ல பெயர் வாங்க, லைப்ரரியில் அந்தப் புத்தகங்களை எடுத்துப் படித்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு!

கதவைத் திறந்தேன்.

"சந்தானம், அவ உள்ளதான் இருக்கா. அவ போன் இங்கதான் காட்டுது. கார்ல வந்து ஏறச் சொல்லுங்க."

"சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"உங்க கிரீன் கார்டு பேப்பர்ஸ் யார் கையில இருக்குன்னு ஞாபகம் இருக்கா? உங்கள லாயல்னு நெனச்சேன்."

திரும்பிப் பார்த்தேன். அஞ்சனாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் அச்சுதனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பயந்துபோய்ப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைச் சுட்டது.

"நான் வரல" என்றாள், மெதுவாக.

"கேட்டுச்சா அச்சுதன்? அந்த கிரேக்கக் கதையெல்லாம் நானும் படிச்சேன். நீங்க பாதிதான் சொன்னீங்க. வாசலுக்கு வந்தவங்களுக்குச் சோறு போட்டுட்டுத்தான் அங்க பேரே கேக்கறாங்க. வீட்ல சாப்பிட்டவங்களப் புடிச்சுக் குடுக்கறவன மனுஷனாவே மதிக்கறதில்ல."

"யோசிச்சுப் பேசுங்க."

"பதினோரு வருஷமா யோசிச்சு யோசிச்சுத்தான் பேசினேன். போதும்."

"மண்டே ஆபீசுக்கு வராதீங்க."

"சரி."

அவர் நகரவில்லை. என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். நான் கதவு நிலையின் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்றேன்.