வெள்ளிக்கிழமைகளில் கேட்டது

தங்கமணியின் பிடியில் சிக்கியது தம்பி மனைவி புனிதாவின் கொண்டை. பெட்டியில் கிடந்த தம்பியின் கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை அவளை இழுத்துப் போய், பெட்டி விளிம்பில் நெற்றியை மோதினாள். பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். விலக்கிவிட அல்ல, நன்றாகத் தெரியட்டும் என்று.

"பாருடி. கேட்டது கெடச்சிருச்சுல்ல?"

ஜெயராஜின் முகத்தைக் காதிலிருந்து தாடை வரை தைத்து அனுப்பியிருந்தார்கள். கிள்ளான் துறைமுகச் சாலையில் குடிபோதையில் மோட்டார் சைக்கிளோடு கன்டேனர் லோரிக்கு அடியில் போய்விட்டான். ஹெல்மெட் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் அதைப் புனிதாவின் வலது கையில் அடித்தே உடைத்திருந்தான். புதிது வாங்க ஐயாவுக்கு நேரம் வாய்க்கவில்லை.

அன்று கை தொங்க வாசலுக்கு ஓடி வந்தவள், பக்கத்து வீட்டு சுலைகாவையும் எதிர்வீட்டு மாரியாயியையும் பார்த்துக் கத்தியது வரிசை வீடு முழுக்கக் கேட்டது. இவன் லோரியில் அடிபட்டுச் சாக வேண்டும், நீங்களே வேண்டிக்கொள்ளுங்கள், இனி எந்தச் சாமியையும் என்னால் கும்பிட முடியாது என்றாள். உள்ளே போய் மிச்சமிருந்த சாமி படத்தையும் போட்டு உடைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த இருவரும் ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை. மாரியாயி கோயிலில் எலுமிச்சை விளக்கு போட்டாள். சுலைகா வீட்டில் குர்ஆனை விரித்து யாசீன் ஓதினாள். என்ன கேட்டார்கள் என்பதை வரிசை வீட்டு ஜனமே முடிவு செய்துகொண்டது. அந்த வேலைக்கு அங்கே ஆள் பஞ்சமில்லை. புனிதா மட்டும் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வாய்க்கரிசித் தட்டு வந்தது. புனிதா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் போட மாட்டேன். நாந்தான் கொன்னேன்."

தங்கமணி பித்தளைச் செம்பை எடுத்து வீசினாள். குறுக்கே வந்த மாரியாயியின் புருவம் கிழிந்தது. அரிசித் தட்டும் கவிழ்ந்தது. இரத்தத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு, குடமும் இருக்கிறது, அதையும் எடுத்து வா என்றாள் மாரியாயி.

சுலைகா புனிதாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள். "அவன் சாகணும்னு நாங்க ஒரு வெள்ளிகூட கேக்கல லா."

"பொறவு என்னக்கா கேட்டீங்க?"

"ஒன் கை மேல தூக்கணும்னு. ஒனக்குத்தான் கேக்க முடியலையே, ஒன் பங்குக்கும் நாங்களே கேட்டோம். தெனம் காலையில ஒனக்குக் கொண்ட போட்டு என் வெரலு ஓஞ்சு போச்சு."

"அவன் குடிய விடட்டும்னு ஒரு வெளக்கு தனியா போட்டேன்" என்றாள் மாரியாயி. "அது எரிஞ்சு நிக்கவே மாட்டேன்னுருச்சு."

தங்கமணி பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

புனிதா தட்டில் ஒட்டியிருந்த அரிசியை வலது கையால் எடுத்தாள். மூன்று முறை. தையல் மேல் படாமல் போட்டாள்.

முடி முதுகில் அவிழ்ந்து கிடந்தது. பழக்கத்தில் சுலைகா பின்னால் வந்து நின்றாள். புனிதா வேண்டாம் என்று தலையசைத்தாள். இடது கை முடியைச் சுருட்டியது. தோளுக்கு மேல் எழாது என்று டாக்டர் சொன்ன வலது கை, தோளருகே நின்றது, பிறகு காதைத் தாண்டியது. கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது.

பந்தல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தது. சுலைகா மட்டும் குனிந்து, தரையில் சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.