மட்கார்டுக்கு இடம் விட்ட சைக்கிள்

"அது சைக்கிள் ஃபிரேமா, இல்ல வாட்ச் கடைக் கண்ணாடியா? ஒரு சல்லிக்கல்லு உள்ள போனா சக்கரமே நின்னுடுது. அதப் போயி சொந்த அக்காவுக்கு வாங்கிக் குடுத்திருக்கியே, உனக்கு ஏதாவது இருக்கா?"

"உங்க இரும்புக் கட்டிலுக்கு அது எவ்வளவோ தேவல. அதுல ஏறினா மிதிக்கிறோமா, தள்ளிக்கிட்டுப் போறோமான்னே தெரியாது."

"கட்டிலா? டேய், அது எங்கப்பாவோட ஃபிரேம்."

"அதத்தான் நானும் சொல்றேன். உங்கப்பாவே அத விட்டுட்டுப் போயிட்டாரு."

சனிக்கிழமை காலை, நவம்பர் தூறலில், பதினாலாம் எண் வீட்டு வாசலில் நடந்த சண்டை இது. நான் அப்போது பக்கத்து வீட்டில் என் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மழை நாளில் யாராவது ஜன்னல் துடைப்பார்களா என்று கேட்காதீர்கள். வட இங்கிலாந்தில், எங்கள் டாட்மர்டனில், மழை விடக் காத்திருந்து ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் அந்த வேலை பேரப்பிள்ளைகளுக்குத்தான் போகும்.

ஒரு பக்கம் நின்றவர் நெவில் ஆக்ராய்ட். ஐம்பதைத் தொடப்போகிறவர், கல்யாணம் ஆகாதவர், எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தின் தலைவர். உலகத்தில் நல்லது எல்லாமே இரும்பில் செய்யப்பட்டது என்று நம்புகிறவர். எதிர்ப்பக்கம் கிரெய்க். எதையும் எடை பார்த்து மதிப்பவன். சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றி எறிந்தால் மேட்டில் வேகமாக ஏறலாம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே திறந்த மார்போடு கிளம்பிவிடுவான்.

இருவருக்கும் நடுவில், முதுகில் கழுத்து முதல் இடுப்பு வரை ஒரே நேர்கோடாகச் சேறு காய்ந்த தன் மழைக்கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றவள் ஹேசல். கிரெய்கின் அக்கா, அந்த வீட்டுக்காரி.

பதினைந்து வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் அடுத்தவள் சொன்ன அளவுக்கு அகப்பையைச் சாய்த்தவள் ஹேசல். அந்த அக்டோபரில்தான் பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் இருக்கும் முதியோர் ஆஸ்பத்திரியில் தலைமைச் சமையல் வேலை கிடைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சொன்னால் அடுப்பு எரியும், அவள் சொன்னால் அணையும். ஆனால் குளிர்காலம் முழுவதும் பரீட்சைக் காலம், தேறினால்தான் வேலை நிரந்தரம். காலை ஆறு மணிக்குக் கஞ்சி கொதிக்க வேண்டும். முதல் ரயிலுக்குக் காத்திருந்து போனால் கஞ்சி மதியச் சாப்பாடாகிவிடும். அவளுடைய கார் வசந்தத்திலேயே உயிரை விட்டிருந்தது. மிச்சம் இருந்தது சைக்கிள்.

கிரெய்க் பாசத்தோடுதான் வாங்கிக் கொடுத்தான். கறுப்புக் கார்பன் ஃபிரேம், பந்தயக்காரர்கள் ஓட்டுவது. மலிவாகக் கிடைத்ததாம். சீட்டுக்குக் கீழே வாத்து வால் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை நாடாவால் கட்டி, "இதான்க்கா மட்கார்டு" என்றான். அந்த வால் தண்ணீரைத் தடுக்கவில்லை. முதுகுக்குச் சரியாகக் குறி பார்த்துக் கொடுத்தது. போகட்டும், முதுகு நனைந்தால் துவைக்கலாம். வெள்ளிக்கிழமை விடிகாலை, ஈர இலையும் ரோட்டுப் பொடிக்கல்லும் பின் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே கெட்டியாக அடைத்து, ஹெப்டன் பாலத்துக்கு அந்தப் பக்கம் சக்கரம் நின்றேவிட்டது. வீட்டுச் சாவியால் தோண்டித் தோண்டி எடுத்துவிட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, கிழவர்கள் கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம். மேலாளர் மிஸஸ் பிக்கர்ஸ்கில் குரலையே உயர்த்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றாள், தேநீர் வேண்டுமா என்று கேட்பது போல.

அதனால்தான் வாசலில் சண்டை.

"ரெண்டு பேரும் பாடி முடிச்சாச்சா?" என்றாள் ஹேசல். "கிரெய்க், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நிஜ மட்கார்டு மாட்ட இதுல ஓட்டை எங்க இருக்கு?"

"அக்கா, பந்தய ஃபிரேம்ல அதெல்லாம் வைக்க மாட்டாங்க."

"நான் பந்தயத்துக்கா போறேன்? கஞ்சி காய்ச்சப் போறேன்."

"எவ்வளவு லேசு தெரியுமா? ஒரு விரல்ல தூக்கிப் பாரு."

இந்தச் சங்கத்து ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. சைக்கிளைப் பார்த்தால் முதலில் ஒற்றை விரலைக் குறுக்குக் கம்பியின் கீழே கொடுத்துத் தூக்குவார்கள். பிறகு புருவத்தைத் தூக்குவார்கள். பிரேக் பிடிக்குமா என்று பார்ப்பது அதற்குப் பிறகு, ஞாபகம் இருந்தால்.

நெவில் தொண்டையைச் செருமினார். "கண்ணு, என் ஃபிரேம்ல ஓட்டை இருக்கு. மட்கார்டுக்கு இடம் தாராளமா இருக்கு. சும்மாவே எடுத்துக்கோ. சீட்ட மட்டும் கொஞ்சம் எறக்கணும். எங்கப்பா நெட்டை."

ஹேசல் மேல் அவருக்கு இருந்த ஆசை தெருவுக்கே தெரியும், யாருக்கும் தெரியாது என்று அவர் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் ஃபிரேமை ஒருவர் சும்மா கொடுக்கிறார் என்றால் அது மோதிரத்துக்கு முந்தின படி. எதிர் வீட்டு ஐரீன் அன்றைக்கே கல்யாணத்துக்குத் தொப்பி எது போடுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மதியம் நெவிலின் பின்கட்டில் சீட்டை இறக்கும் வைபவம் நடந்தது. இறங்கவில்லை. ஏனென்றால் இரும்புக் குழாய்க்குள் நின்ற அலுமினியக் கம்பி, முப்பது வருட ரோட்டு உப்பில் அதோடு ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல ஆகிவிட்டிருந்தது. வருஷத்துக்கு ஒருதரம் அதை உருவி கிரீஸ் தடவியிருந்தால் இந்தக் கதி இல்லை. சங்கத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் கிரீஸ் பற்றி அரை மணி நேரம் உபதேசம் செய்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் விட்டார்கள். கெண்டியில் வெந்நீர் கொதிக்க வைத்து ஊற்றினார்கள். கடைசியில் ஃபிரேமைத் தலைகீழாக்கி, சீட் கம்பியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, நாலு பேர் நாலு மூலையில் பிடித்துச் செக்கு மாடு மாதிரி சுற்றினார்கள். கிரெய்கும் ஒரு மூலையில் சுற்றினான், முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டு.

"அசையுது, அசையுது" என்றார் நெவில்.

அசைந்தது உண்மைதான். கம்பி அல்ல, ஃபிரேம். பிடியிலிருந்து எடுத்தபோது முன்பக்கம் கிழக்கே பார்த்தது, பின்பக்கம் ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்தது. நெவில் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஹேசல்தான் அவர் தோளைத் தொட்டு, "நெவில், மனசு நல்ல மனசு. ஆனா நான் திங்கக்கிழமை போயாகணும்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. மெதடிஸ்ட் கோயில் கூடத்தில் பழைய சைக்கிள் சாமான் சந்தை. வருஷத்தில் ஒருநாள் சங்கத்து ஆண்கள் தங்கள் கொட்டகைக் குப்பையை இங்கே கொண்டுவந்து விற்று, இன்னொருவன் குப்பையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். பெண்டாட்டிமார் எண்ணிப் பார்த்தால் சாமான் குறைந்தே இருக்காது. நானும் போயிருந்தேன். அங்கே பன்றி வறுவல் வைத்த ரொட்டி நன்றாக இருக்கும்.

ஹேசல் ஒரு கையில் சக்கரமும் மறு கையில் முழுநீள மட்கார்டுமாக உள்ளே நுழைந்தாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "என்னம்மா, கப்பல் ஓட்டப் போறியா?" என்றார்.

"கப்பல் ஓடற அளவுக்குத்தானே நம்ம ரோட்டுல தண்ணி கெடக்கு" என்றாள் அவள்.

மேசை மேசையாகப் போனாள். சிவப்பு ஃபிரேம் ஒன்று, பார்த்தாலே கல்யாணம் செய்துகொள்ளலாம் போலிருந்தது. சக்கரத்தைப் பொருத்தினாள், மட்கார்டை மேலே வைத்தாள், உள்ளே போகவில்லை. நகர்ந்துவிட்டாள். நீலம் ஒன்று, இடம் இருந்தது, ஓட்டை இல்லை. நகர்ந்தாள். பெடல் அச்சு திருகி மாட்டும் வகையா, அமுக்கிச் செருகும் வகையா என்று குனிந்து பார்த்தாள். அமுக்குகிற வகை ஈரத்தில் எலி மாதிரி கீச்சிடும் என்று யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள். நெவில் கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். சவ ஊர்வலத்தில் தூரத்து உறவினர் வருவது மாதிரி.

மூலை மேசையில்தான் அது கிடந்தது. அலுமினிய ஃபிரேம். மீனோடு வைப்பார்களே, மசித்த பட்டாணி, அந்தப் பச்சை. பற்ற வைத்த இடமெல்லாம் தழும்பு மாதிரி தடித்திருந்தது. விற்றவர் தெர்மாஸை மூடி வைத்துவிட்டு, "தூக்கிப் பாரும்மா" என்றார், கொஞ்சம் சங்கடத்தோடு.

"நான் எதுக்குத் தூக்கணும்? அதுதான் என்னத் தூக்கணும்."

சக்கரத்தை மாட்டினாள். அகலமான டயர். மேலே மட்கார்டு. அதற்கும் மேலே தன் சுண்டு விரலை விட்டாள். விரல் சிரமமில்லாமல் உள்ளே போய் வந்தது. முன் ஃபோர்க்கிலும் அப்படியே. அச்சுக்குப் பக்கத்தில் மட்கார்டுக்கு ஓட்டை, சமையலறை உடுப்பும் காலணியும் வைக்கக் கேரியர் பொருத்த ஓட்டை. பின்கம்பியில் ஒரு சிராய்ப்பு இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வெறும் பெயிண்ட்.

"இதுக்குச் சாதாரண பிரேக் எட்டாது, கண்ணு" என்றார் நெவில், முதல்முறையாக வாயைத் திறந்து. "கை நீண்ட பிரேக் வேணும்."

"அது எந்த மேசையில இருக்கு?"

நெவில் காட்டினார். எல்லாம் சேர்த்து கிரெய்கின் பேரத்தில் பாதிகூட ஆகவில்லை. கிரெய்க் வந்து பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஒற்றை விரலால் தூக்கினான். "அய்யோ அக்கா. இது கேட்டுக் கதவு."

"கேட்டுக் கதவு மழையில நின்னுதானே இருக்கு, இத்தன வருஷமா. நீ போயி உன் கறுப்பு ராணியிலேர்ந்து கியரக் கழட்டு."

சாயங்காலம் நெவில்தான் பொருத்திக் கொடுத்தார். சீட் கம்பியில் அவர் தடவிய கிரீஸைப் பார்த்த ஐரீன், ஒரு கேக்குக்கே அவ்வளவு வெண்ணெய் போடமாட்டேன் என்றாள்.

அந்தக் குளிர்காலம் சங்கத்தின் ஞாயிறு சவாரியில் ஒரு மாற்றம் வந்தது. மட்கார்டு இல்லாதவன் கடைசியில்தான் வரவேண்டும் என்பது பழைய விதி. முன்னால் போகிறவன் சக்கரத்துத் தண்ணீர் பின்னால் வருகிறவன் வாயில் விழக்கூடாது. ஹேசலின் மட்கார்டு நுனியில் பால் டப்பாவை வெட்டித் தரையைத் தொடுகிற அளவுக்கு ஒரு நாக்கும் தொங்கியது. அவள் பின்னால் இடம் பிடிக்க ஆண்கள் மரியாதையாக முட்டி மோதினார்கள். நெவில் தலைவர் என்பதால் அந்த இடம் தலைவருக்கே உரியது என்று புதிதாக ஒரு விதி சொன்னார். கிரெய்க் கடைசியில், எல்லோருடைய தண்ணீரையும் குடித்துக்கொண்டு வந்தான்.

ஜனவரியில் ஒரு விடிகாலை வெள்ளச் சங்கு ஊதியது. கால்டர் ஆறு கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. ரயில் இல்லை. கீழ் ரோட்டில் கார்கள் கதவு வரை தண்ணீரில். ஹேசல் கொட்டகையிலிருந்து பச்சைச் சைக்கிளை எடுத்து வரும்போது வாசலில் நெவில் விளக்கேற்றிய சைக்கிளோடு நின்றார்.

"மேட்டு ரோடு வழியாத்தான் போகணும். ஆலங்கட்டி மாதிரி பெய்யுது. நான் கூட வரேன்."

"பின்னாடி வாங்க. ஆனா கிரீஸ் பத்திப் பேசக்கூடாது."

அவ்வளவுதான் நான் ஜன்னலிலிருந்து கேட்டது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் என் மைத்துனி வழியாக வந்தது. மேட்டு ரோடு முழுக்கச் சேறும் கல்லும் ஓடியதாம். சக்கரம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆறு மணிக்குச் சற்று முன்பே ஹேசல் சமையலறை விளக்கைப் போட்டாள். உதவிக்கு வரவேண்டிய இருவரும் வரவில்லை, வெள்ளம். ஆகவே சைக்கிள் சங்கத் தலைவர் கையில் அகப்பையைக் கொடுத்துக் கஞ்சி கிளறச் சொன்னாள். கஞ்சி நேரத்துக்கு வந்தது, ஆனால் கட்டி கட்டியாக. மூன்றாம் வார்டுக் கிழவர் ஒருவர், "போன வாரம் இதவிட நல்லா இருந்துச்சு" என்றாராம்.

மிஸஸ் பிக்கர்ஸ்கில் தன் பெரிய காரோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று ஹேசல் சொன்னாள். அந்த வாரமே வேலை நிரந்தரமானது. மார்ச்சில் முடியவேண்டிய பரீட்சை ஜனவரியிலேயே முடிந்தது.

நெவில் கல்யாணம் கேட்டது ஏப்ரலில், ஹெப்டன் டீக்கடையில். அவள் பதில் சொல்ல ஒரு தேநீர் முடியும் வரை எடுத்துக்கொண்டாள் என்று ஐரீன் சொல்கிறாள். இரண்டு தேநீர் என்று நான் கேள்விப்பட்டேன். ஆகஸ்டில் பதிவு ஆபீஸில் நடந்தது. அன்றும் மழை. பிறகு இருவரும் சோவர்பி பாலம் என்கிற ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக் குடிபோய்விட்டார்கள். கிரெய்க் ஸ்பெயினில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்து, கடைக்காரியின் தங்கையைக் கட்டிக்கொண்டான். குழந்தை பிறந்ததும் முதலில் எடைதான் எழுதி அனுப்பினான். பதினாலாம் எண் வீட்டில் இப்போது ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். சண்டையே போடுவதில்லை.